கத்திரிப்பூ நிறம் பூசிய தெருவிலிருந்து

செழியா,

நலம் விசாரிக்கும் வரிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நீ நலமாக இருப்பது நீ அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறாய், கையில் கண்ணாடி விருது, உன் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் நம் தெரு. பதினேழு வீடும் கத்திரிப்பூ நிறத்தில் பளபளக்கின்றன. மூன்றாவது வீட்டு வாசலில் நான் நின்று சிரிக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்து அம்மா ஏன் ஒரு வார்த்தை பதில் போடவில்லை என்று நீ இரண்டு தடவை கேட்டாய். நேற்று முன்தினம் போனில் வேறொன்றும் சொன்னாய். "எதுக்கும்மா அந்த வீட்டைப் பிடிச்சுத் தொங்குறீங்க? போனா போகுது, சென்னை வீட்டுக்கு வந்துடுங்க. நான் சிங்கப்பூர் போனதும் அது சும்மாத்தானே கிடக்கும்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் பெற்ற தாய் சொல்லக்கூடாத வார்த்தை வந்திருக்கும்.

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் என்மேல்தான் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து பதிவேடு எழுதிய கை இது. பேச்சில் மழுப்புவேன், எழுத்தில் மழுப்ப வராது. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் நம் தெருப் பெண் யாழினியிடம் கொடுக்கப் போகிறேன். அவள் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உனக்கு அனுப்புவாள். இதில் இருப்பதைத் தெரிந்துகொள்ள உன்னைவிட அவர்களுக்கு உரிமை அதிகம்.

நம் தெரு யாருடையது என்று உனக்குத் தெரியும். நீயே எத்தனையோ ஜமாபந்தியில் உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டா கேட்டு வரிசையில் நின்றிருக்கிறாய். வாய்க்கால் கரையில் இந்தப் பதினேழு மனையும் அடங்கல் கணக்கில் பண்ணை பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் மண்ணைக் கொட்டி மேடாக்கியவர்கள், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடிந்து விழுந்த சுவரைத் திரும்பத் திரும்ப எழுப்பியவர்கள் எல்லாம் நம் ஆட்கள். நாலு தலைமுறை. பண்ணையில் கூலி நெல்லுக்காகச் சண்டை நடந்த காலத்தில், "என் மனையில இருந்துகிட்டு எனக்கே கொடி பிடிக்கிறியா, வீட்டைப் பிரி" என்றுதான் முதலில் மிரட்டுவார்களாம். பக்கத்து ஊர்களில் அந்த மிரட்டல் எதுவரைக்கும் போனது என்று நான் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் சென்னையில் இருந்த அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்றது. உன் அப்பா சங்கத்துக்காரர், செங்கொடி ஆள், ஆளுங்கட்சியைக் கண்டால் ஆகாது. அவரே, "யார் பெத்த புள்ளையா இருந்தா என்ன, நல்ல புள்ள" என்று அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார்.

அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் பட்டா வரவில்லை என்று நீ சின்ன வயதில் கேட்பாய். "அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துட்டுப் போய்ட்டாண்டா" என்று அப்பா சொல்வார். தெருவுக்கும் அவர் அதையேதான் சொன்னார். சாகும்வரை அதையே சொன்னார். அது பொய் செழியா. எனக்காகச் சொன்ன பொய்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்தவள், பத்தாவது படித்தவள், இந்தத் தெருவிலேயே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே பெண். எனக்கு ஒரு நடிகர்மேல் பைத்தியம். உன் பாஷையில் ரசிகை. நோட்டுப் புத்தகம் முழுக்க அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு வரும்போது பாத்திரம் பண்டம் இருந்ததோ இல்லையோ, அந்த நோட்டு இருந்தது. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இவருக்கு வாக்கப்பட்டுட்டு எனக்குச் சோறாக்க வந்தியா?" என்று கிண்டல் செய்வார். அந்த நடிகர் ஓட்டுக் கேட்டு நம் பக்கம் வருகிறார், திருத்துறைப்பூண்டிச் சாலையில் வண்டி போகும் என்று சேதி வந்தது. தெருப் பெண்களை எல்லாம் கிளப்பிவிட்டேன். கிளிஞ்சல் சுண்ணாம்பில் நீலம் கரைத்துப் பதினேழு வீட்டுக்கும் அடித்தோம். சாலைக்கும் நம் தெருவுக்கும் ஒரு மைல். அவர் வண்டியில் நின்றபடி திரும்பிப் பார்த்தால் தூரத்தில் தெரியும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அஞ்சம்மா அப்போது பாவாடை கட்டின பெண், ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது இதைச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துக் குறித்துக்கொண்டாய். "அம்மா, இதை அப்படியே எடுத்துக்கவா? ஒரு பெயின்ட் கம்பெனி ஐடியா கேட்டுக்கிட்டிருக்கு" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பைத்தியக்காரத்தனம் என் பிள்ளைக்குச் சோறு போடுகிறதே என்று நினைத்தேன். ஆனால் நான் உனக்குச் சொன்னது பாதிக் கதை. மீதியை இப்போது கேள்.

நடிகர் வருகிற அன்றைக்குத்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் வந்தார். வீடு வீடாகக் கணக்கெடுக்க, யார் குடியிருக்கிறார்கள் என்று எழுத. முதல் நாளே உன் அப்பாவுக்குச் சேதி தெரியும். பண்ணைக்கு வேண்டிய கணக்குப்பிள்ளை அந்தத் தேதியை ஏன் வைத்தான் என்றும் அவருக்குத் தெரியும். அவர் பக்கத்து ஊர்க் கணக்கெடுப்புக்குத் துணையாகப் போக வேண்டியிருந்தது, ஆண்கள் அறுப்புக்குப் போகிறார்கள். என்னைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். "ஏ புள்ள, நாளைக்கு ஒருத்தியும் தெருவை விட்டு நகரக்கூடாது. பதினேழு அடுப்பும் எரியணும். ஆபீசர் வந்தா ஆள் இருக்கணும். உன் பொறுப்பு" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

காலையில் சாலைப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. ஆபீசர்மார் எப்போது பத்து மணிக்கு முன்னால் வந்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். யாரும் சொல்லவில்லை, நான்தான். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் கதவைச் சாத்திவிட்டு ஓடினோம். அவர் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். நம் தெருப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்தால் ஆபீசர் வந்துபோய்விட்டார். "புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டுப் பூட்டிக் கிடக்கின்றன, குடியிருப்போர் எவருமில்லை" என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். புதுச் சுண்ணாம்பைக்கூட நமக்கு எதிராக எழுதினார்கள், பண்ணையே அடித்து வைத்திருப்பதுபோல.

உன் அப்பா என்னை அடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தெருக் கூட்டத்தில், ஆபீசர் சொல்லாமல் வந்துவிட்டதாகச் சொன்னார். பெண்களுக்கு ஆபீசர் வருகிற சேதியே தெரியாது, நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. அதனால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான். "எழுதிட்டுப் போனதை இனி அழிக்க முடியாது. ஆனா நம்ம கையால நாம எழுதிக் குடுக்காத வரைக்கும் நம்மளக் கிளப்பவும் முடியாது. எவன் தாளை நீட்டினாலும் கையை நீட்டாதே" என்றார். அந்த ஒரு பிடிவாதத்தில்தான் இத்தனை வருஷம் இருந்தோம். பட்டா இல்லாததால் அரசாங்க வீடு அடுத்த தெருவோடு நின்றுவிட்டது. போகட்டும் என்றார். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தகரப் பெட்டியில் சேர்த்தார். பண்ணை வீட்டில் மனமிரங்கி, சும்மா இருந்துக்கங்க, ஆனா அனுமதியில இருக்கோம்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க என்று ஆள் விட்டபோதும் மறுத்தார். "பொல்லாத வரி அது. அந்த வரியை எழுதினா நாம விருந்தாளி. விருந்தாளி எத்தனை வருசம் இருந்தாலும் விருந்தாளிதான்" என்றார்.

இதையும் நீ கேட்டிருக்கிறாய். எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய், பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய்.

இனி உன் விளம்பரத்துக்கு வருகிறேன். அது நல்ல விளம்பரம், நான் குறை சொல்ல மாட்டேன். உன் விளம்பரத்தில் பாட்டுப் பாடும் அந்த நாலு பெண்கள்மேல் யாழினிக்கும் அவள் தோழிகளுக்கும் இருக்கிற பைத்தியத்தைப் பார்த்தபோது எனக்கு என் நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது. கச்சேரியில் அத்தனை பேரும் கத்திரிப்பூ நிற விளக்கைப் பிடித்து ஆட்டுவார்களாமே. அந்த நிறத்தையே கம்பெனி டப்பாவில் அடைத்து, எந்தத் தெரு ரசிகைகள் அதிக ஓட்டு வாங்குகிறார்களோ அந்தத் தெருவுக்கே பூசித் தருகிறோம் என்று நீ அறிவித்தாய். "எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத கலரும்மா, அதான் அழகு" என்றாய். அஞ்சம்மாவின் பேத்தி யாழினி, நர்ஸ் படிப்பை ஒரு பக்கம் போட்டுவிட்டு, தாலுகா முழுக்க ஓட்டுச் சேர்த்தாள். சீர்காழியிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் பெண் பிள்ளைகள் பஸ் ஏறி வந்து பிரஷ் பிடித்தார்கள். முகமெல்லாம் பெயின்ட். என்னையும் ஆடச் சொன்னார்கள், ஆடினேன். பொய் சொல்லக்கூடாது, அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். பட்டா இல்லாத தெரு என்று எங்களை ஒதுக்கின ஊரே வந்து வேடிக்கை பார்த்தது.

இரண்டாம் நாள் காலை நீ ஒரு கட்டுத் தாளோடு வந்தாய். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, காதில் போன், மறுநாள் அந்தப் பாடகிகள் படப்பிடிப்புக்கு வருகிறார்கள். கம்பெனி வக்கீல்கள் சுவரின் உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் மேற்கொண்டு பெயின்ட் அடிக்கக்கூடாது என்கிறார்களாம். நம்மிடம் பட்டா இல்லை. அதனால் நீ தஞ்சாவூருக்குப் போய்ப் பண்ணையாரின் பேரனைப் பார்த்துக் கையெழுத்து வாங்கி வந்துவிட்டாய். வீட்டுக்காரர்கள் கையெழுத்து மட்டும் பாக்கி. "அம்மா, எல்லார்கிட்டயும் வாங்கித் தாங்க. நீங்க சொன்னா போட்டுடுவாங்க, எனக்கு நேரமில்ல" என்று தாளை என் கையில் திணித்தாய்.

நான் படித்தேன் செழியா. எத்தனையோ அதிகாரிகளின் தணிக்கைக்குப் பதில் சொன்னவள், பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். "மேற்படி மனையில் உரிமையாளரின் அனுமதியின் பேரில் குடியிருந்துவரும் நான்" என்று தொடங்கியது. உன் அப்பா எழுதித் தர மாட்டேன் என்று மறுத்த அதே வரி. உன் முகத்தைப் பார்த்தேன். நீ போனில் யாரிடமோ, "சார், பத்து நிமிஷம் சார், கையெழுத்து வந்துடும் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய். என் பிள்ளை என் கண் முன்னால் இன்னொருவனிடம் கெஞ்சுகிறான். பெயின்டுக்குத்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

அஞ்சம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா எழுதியிருக்கு? படிச்சியா?"

"படிச்சேன்டி. செவுத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சம்மதம்னு. என் புள்ள கொண்டாந்த தாளு. போடு."

போட்டாள். முதியோர் பள்ளியில் நான் அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த கையெழுத்து. அவள் போட்டதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். கடைசியாக நான் போட்டேன்.

அன்று மத்தியானம் இலையில் உட்கார்ந்திருந்தபோது நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய், ஞாபகமிருக்கிறதா? "அந்த ஆளு முதல்ல முடியாதுன்னுட்டாரும்மா. அப்புறம் அவரு வக்கீல் ஒரு வரி சேர்க்கச் சொன்னாரு. சேர்த்தேன், உடனே போட்டுட்டாரு. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றாய். நான் உனக்கு ரசம் ஊற்றினேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரி என்னவென்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

எட்டு மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. நாலு வழிச் சாலை இந்தப் பக்கம் திரும்பிவிட்டது, மனைக்கு இப்போது மவுசு. பண்ணையாரின் பேரன் கோர்ட்டுக்குப் போய்விட்டார். குடியிருப்பவர்கள் என் அனுமதியில் இருந்தவர்கள், அனுமதியை ரத்து செய்துவிட்டேன், காலி செய்ய வேண்டும் என்கிறார். ஆதாரம் பதினேழு தாள். கூடவே உன் விளம்பரப் படம். நம் வக்கீல் திருத்துறைப்பூண்டிப் பெண், யாழினியைவிட நாலைந்து வயது மூத்தவள், நல்ல பெண். உன் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு ரசீதை வச்சுக்கிட்டு ஜெயிக்கற கேஸும்மா இது. இந்தத் தாள்ல ஏன் போட்டீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

கோர்ட்டில் எதிர் வக்கீல் அஞ்சம்மாவிடம், "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். "ஆமாங்க, நான் போட்டதுதாங்க" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். தன் பேரை எழுதத் தெரியும் என்பது அவளுக்கு இன்னும் பெருமை. அவள் தன் வீட்டைத் தானே கொடுத்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "சரியாச் சொன்னேனாக்கா?" என்று கேட்டாள். எனக்குச் செத்துப்போய்விடலாம்போல் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்து நான் ஏற வேண்டிய வாய்தா நேற்று. முதல் நாளே வக்கீல் பெண் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னாள். "அம்மா, கண் சரியாத் தெரியலன்னு சொல்லிடுங்க. யாரும் படிச்சுக் காட்டலன்னு சொல்லுங்க. அவங்க தாளைக் கொஞ்சமாவது ஆட்டலாம்." நான் யோசித்தேன். பொய் சொல்ல எனக்கு என்ன தயக்கம், இவ்வளவு காலம் பொய்யிலேயே குடித்தனம் நடத்தியவள்தானே? ஆனால் என் கண் தெரியவில்லை என்றால் தாள் ஆடும், அந்த வரி எப்படி வந்தது என்பது ஆடாது. அதைப் பேரன் தரப்பில் சேர்க்கச் சொன்னார்கள், நீ சேர்த்தாய் என்ற விஷயம் உள்ளே போகாது. அதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "நீங்க சொன்னா அது காதால கேட்டது. உங்க மகன் வந்து சொன்னாத்தான் சாட்சி. அந்த வரி இல்லாம முதல்ல எழுதின தாள் அவர் கம்ப்யூட்டர்ல இருக்கும்ல, அது வந்தா கேஸ் திரும்பும். ஆனா அவர் பேரை நீங்க இழுத்துவிட்டா அவருக்குத்தாம்மா முதல் அடி" என்றாள்.

நேற்று கூண்டில் ஏறி அந்தத் தாளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் படித்தேன் என்றேன். அர்த்தம் தெரியும் என்றேன். தெருவுக்கு மறைத்தேன் என்றேன். வரியைச் சேர்த்தது யார், சேர்க்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள், உன் பெயரையும் கம்பெனியையும் சொன்னேன். டைப் அடிக்கிற பெண் உன் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டாள், எழுத்து எழுத்தாகச் சொன்னேன். உனக்குச் சம்மன் வரும். சிங்கப்பூர் போகிறவனுக்கு இது வரக்கூடாத காகிதம் என்று எனக்குத் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். அது உண்மைதான்.

பின்வரிசையில் தெரு முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் இறங்கி வந்தபோது யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் அஞ்சம்மா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஊர் வரும்வரை திரும்பவில்லை. இறங்கும்போது மட்டும், "படிச்சியான்னு கேட்டேனேக்கா" என்றாள். இன்று காலை தண்ணீர்க் குழாயில் என் குடத்தைப் பார்த்ததும் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது நியாயம். நடிகர் வந்த அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டியது இன்றைக்குக் கிடைக்கிறது. அந்த நாளைப் பற்றி அவர்களுக்கு இன்னும் தெரியாது. யாழினி இதை வாசிக்கும்போது தெரிந்துகொள்வார்கள். அதன் பிறகு இந்தத் தெருவில் வீடு இருந்தாலும் எனக்கு இருக்க முகம் இருக்குமா என்று தெரியவில்லை.

உனக்கு என்ன புத்தி சொல்ல? கடிதம் எழுதுகிற அம்மாக்கள் எல்லோரும் சொல்வதுபோல் நேர்மையாக இரு, மண்ணை மறக்காதே என்றெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் புரிந்திருக்கிறது. யாரோ ஒருவர்மேல் ஆசை வைத்து ஓடுவது தப்பில்லை. நான் ஓடினேன், யாழினி ஓடினாள். யாழினி ஓடும்போது அவள் கையில் யார் வீட்டுச் சாவியும் இல்லை. என் கையில் இருந்தது, உன் கையிலும் இருந்தது. நம்மை நம்பிக் கொடுத்தார்கள். நீ யாரைப் பார்த்து ஓடினாய் என்று எனக்குத் தெரியாது. விருதா, சிங்கப்பூரா, போனில் இருந்த அந்த சாரா? எனக்கு அது நீதான். அந்தக் காலையில் உன் முகம் வாடக்கூடாது என்பதற்காகப் பதினேழு வீட்டைக் கொடுத்தேன். பிள்ளைமேல் இருக்கிற பாசமும் ஒரு பைத்தியம்தான், மற்றதைவிடப் பொல்லாதது.

ஜெயிப்போம் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீ வந்தாலும் கேஸ் திரும்பும் என்று வக்கீல் பெண் சத்தியம் செய்யவில்லை. வராவிட்டால் திரும்பாது என்று மட்டும் சொன்னாள். வாய்தா இருபத்தாறாம் தேதி. உன் விமானம் இருபத்து மூன்றாம் தேதி. கம்பெனி வக்கீல்கள் வாயைத் திறக்கக்கூடாது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் நீயே சொன்னாய். வா என்று நான் கூப்பிட்டால் அது பெற்றவள் கூப்பிடுவதாகிவிடும். அந்த உரிமையை வைத்துத்தான் ஏற்கெனவே நாம் இவர்களை ஏமாற்றினோம். அதனால் கூப்பிடவில்லை. கோர்ட்டில் நடந்த கடைசி ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

நான் பேசி முடித்ததும் நீதிபதி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க சொல்றதெல்லாம் சரிம்மா. உங்க மகன் இங்க வந்து இதைச் சொல்வாரா?"

பதினேழு வீடும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தெருவில் எல்லாவற்றுக்கும் உன்னை வைத்துச் சத்தியம் செய்தவள் நான். என் பிள்ளை படிப்பான் என்றேன், என் பிள்ளை வருவான் என்றேன், என் பிள்ளை கொண்டுவந்த தாள் என்றேன். யோசித்தேன் செழியா. வெகுநேரம் யோசித்தேன். நீதிபதி அம்மா இன்னொரு தடவை கேட்டார்.

"தெரியலீங்க" என்றேன்.

அம்மா